கேமராவும் மாற்றுப் பேட்டரியும்: ஒரு வரலாறு



விலை உயர்ந்த டிஜிட்டல் கேமரா ஒன்றை வாங்கியவர் அடுத்துத் தேடுவது இன்னொரு பேட்டரியைத்தான். திருமணப் பந்தலில் தாலி கட்டும் நேரத்திலோ, பள்ளி விளையாட்டுப் போட்டியில் கடைசி ஓட்டத்தின்போதோ கேமரா கண்மூடிவிட்டால் என்ன செய்வது? கடைக்குப் போகிறோம். கடைக்காரர் இரண்டு பெட்டிகளை எடுத்து வைக்கிறார். ஒன்றில் கேமரா நிறுவனத்தின் பெயர் இருக்கிறது. மற்றது அதே அளவு, அதே வடிவம். ஆனால் நாம் கேள்விப்படாத பெயர். விலையோ முன்னதில் கால் பங்கு. "ரெண்டும் ஒண்ணுதான் சார், பேருக்குத்தான் காசு" என்கிறார் கடைக்காரர்.

எங்கள் தோட்டப் பள்ளியிலும் இப்படித்தான் நடந்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கம் ஓராண்டு முழுவதும் சிறுகச் சிறுகச் சேர்த்த பணத்தில் ஒரு நல்ல கேமரா வாங்கித் தந்தது. அதற்கு இரண்டாவது பேட்டரி வாங்கும் பொறுப்பு ஆசிரியர்களாகிய எங்களுக்கு. பொதுப் பணத்தை மிச்சம் பிடிக்கிறோம் என்ற எண்ணத்தில் விலை குறைந்ததையே வாங்கினோம்; அதனோடு இலவசமாக வந்த மின்னேற்றியையும் பயன்படுத்தினோம். முதல் ஆண்டு ஒரு குறையும் இல்லை. ஆண்டிறுதி விடுமுறைக்கு முன் பேட்டரியை நிறைய மின்னேற்றி, கேமராவுக்குள்ளேயே வைத்து, இரும்பு அலமாரியில் பூட்டினோம். விடுமுறை முடிந்து திறந்தால் பேட்டரி வெளியே வர மறுத்தது. அது உள்ளேயே உப்பி இறுகிவிட்டது. பட்டணத்துப் பழுதுபார்ப்பவர் அரை நாள் போராடி அதை எடுத்தார். கேமராவின் கதவும் கொக்கியும் உடைந்தன. நிறைந்த மின்னேற்றமும், வெயிலில் காய்ந்த இரும்பு அலமாரியின் சூடும் சேர்ந்து செய்த வேலை என்றார் அவர்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் தலை குனிந்து நடந்ததைச் சொன்னோம். யாரும் கடிந்து பேசவில்லை. ஆனால், பேரப்பிள்ளையின் சார்பில் வந்திருந்த ஒரு பெரியவர் எழுந்தார். நாற்பது ஆண்டுகள் பால்மரம் வெட்டியவர். "வாத்தியாரே, நான் இருட்டோட மரம் வெட்டப் போன காலத்துல டார்ச்லைட்டுக்குப் பேட்டரி வாங்குவேன். பூனை மார்க் போட்டாலும் எரியும், வேற மார்க் போட்டாலும் எரியும். எந்தக் கடையிலயும் நான் ஏமாந்தது இல்ல. இதுக்கு மட்டும் என்ன வந்துச்சு?" என்று கேட்டார்.

அன்று எங்களில் ஒருவருக்கும் நேரான விடை சொல்லத் தெரியவில்லை. பிறகு தேடிப் படித்தபோதுதான் அது எவ்வளவு ஆழமான கேள்வி என்பது புரிந்தது. அதற்கு விடை காண இருநூறு ஆண்டுகளுக்குமேல் பின்னோக்கிப் போக வேண்டியிருக்கிறது.

1800-ஆம் ஆண்டில் இத்தாலியரான அலெஸ்ஸாண்ட்ரோ வோல்ட்டா, துத்தநாகத் தகட்டையும் வெள்ளித் தகட்டையும் மாறி மாறி அடுக்கி, நடுவே உப்புநீரில் நனைத்த அட்டைகளை வைத்து, தொடர்ந்து ஓடும் மின்சாரத்தை உண்டாக்கினார். அவர் பெயரிலிருந்து பிறந்ததுதான் வோல்ட் என்னும் அளவு. 1866-இல் பிரெஞ்சுக்காரரான ஜார்ஜ் லெக்லான்ஷே, துத்தநாகத்தையும் மாங்கனீசு டை ஆக்சைடையும் நவச்சாரக் கரைசலையும் கொண்டு ஒரு மின்கலம் செய்தார். தந்திக்கும் அழைப்பு மணிக்கும் அது நன்றாக உழைத்தது. ஆனால், கண்ணாடிச் சாடியில் கரைசல் தளும்பிக்கொண்டிருந்த அந்தக் கலத்தைக் கையில் தூக்கிக்கொண்டு நடக்க முடியுமா? 1886-இல் ஜெர்மானியரான கார்ல் காஸ்னர் அந்தக் கரைசலைப் பிசின்போல் இறுக்கி, துத்தநாகக் குவளையையே கூடாக வைத்து, உலர் மின்கலத்தைப் படைத்தார். 1.5 வோல்ட் தரும் அந்தக் கலத்தின் வழிவந்ததுதான் நம் பெரியவரின் டார்ச்லைட் பேட்டரி.

தொடக்கத்தில் ஒவ்வொரு தொழிற்சாலையும் தன் விருப்பப்படி ஓர் அளவில் செய்தது. முதல் உலகப் போர் முடிந்தபின் அமெரிக்காவில் இதற்கு ஒரு முடிவு கட்ட எண்ணினார்கள். 1919-இல் அங்குள்ள தேசியத் தர அளவு நிலையம் உலர் மின்கலங்களுக்குரிய அளவுகளையும் சோதனைகளையும் பரிந்துரைத்து வெளியிட்டது. 1924-இல் உற்பத்தியாளர்களும் அரசினரும் கூடி அந்த அளவுகளுக்கு எழுத்துப் பெயர்கள் சூட்டினார்கள். நாம் இன்றும் கடையில் 'டி சைஸ்', 'சி சைஸ்' என்று கேட்பது அந்த வழிவந்த வழக்கம். நீளமும் விட்டமும் வோல்ட்டும் பொதுவில் எழுதி வைக்கப்பட்ட பிறகு, யார் செய்தால் என்ன? எந்த மார்க் வாங்கினாலும் பெரியவரின் விளக்கு எரிந்ததற்குக் காரணம் கடைக்காரரின் நேர்மை மட்டுமன்று. அந்தப் பொது உடன்பாடும்தான். இன்னொன்றையும் மறந்துவிடக் கூடாது. அந்தக் கலம் சாதுவானது. கெட்டுப்போனால் ஒழுகும், விளக்கின் உட்புறத்தை அரிக்கும். அதற்குமேல் பெரிதாகத் தீங்கு செய்யாது.

இனி கேமராவுக்கு வருவோம். 1839-இல் புகைப்படக் கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டபின் ஏறத்தாழ நூறு ஆண்டுகளுக்குக் கேமராவுக்குப் பேட்டரியே தேவைப்படவில்லை. சுருள்வில்லும் பல்சக்கரமும் அதன் வேலைகளைச் செய்தன. ஒளியை அளக்க 1930-களில் வந்த செலினிய ஒளிமானிகூட, விழுகின்ற ஒளியிலிருந்து தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே உண்டாக்கிக்கொண்டது. 1960-களில் காட்மியம் சல்பைடு என்னும் பொருளாலான ஒளிமானிகள் கேமராவுக்குள் புகுந்தபோதுதான் பேட்டரி இன்றியமையாததாயிற்று. அவை மங்கலான ஒளியையும் அளந்தன. ஆனால் வெளியிலிருந்து மின்சாரம் கேட்டன.

அந்த மின்சாரத்தைக் கொடுத்தது பாதரச பொத்தான் பேட்டரி. அமெரிக்கரான சாமுவேல் ரூபன் இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் உருவாக்கிய கலம் அது. அதன் சிறப்பு என்னவென்றால், தீரும் வரையில் 1.35 வோல்ட்டில் அசையாமல் நிற்கும். கேமரா செய்தவர்கள் அதை நம்பியே ஒளிமானியை அமைத்தார்கள். பி.எக்ஸ்.625 என்று பெயரிடப்பட்ட அந்தப் பொத்தான் அக்காலத்துக் கேமராக்கள் பலவற்றுக்கு உயிர்நாடியாக இருந்தது. ஒலிம்பஸ் ஓ.எம்.1, கேனன் எஃப்.டி.பி. ஆகியவை அவற்றுள் சில.

ஆனால் பாதரசம் கொடிய நஞ்சு. ஜப்பானின் மினமாத்தா நகரில் 1956-இல் வெளிப்பட்ட நோய் அதை உலகுக்கு உணர்த்தியது. நாடுகள் ஒவ்வொன்றாகப் பாதரச பேட்டரிகளைக் கைவிட்டன. அமெரிக்கா 1996-இல் சட்டம் இயற்றி அந்தப் பொத்தான்களின் விற்பனையைத் தடுத்தது. கேமராவோ நல்ல நிலையில் இருக்கிறது. அதற்கு ஏற்ற பேட்டரிதான் கடையில் இல்லை. அதே குழியில் அழகாக உட்காரும் ஆல்கலைன் பொத்தான்கள் கிடைத்தன. ஆனால் அவை 1.5 வோல்ட்டில் தொடங்கி, நாளாக நாளாகச் சரிந்துகொண்டே போகும். மின்னழுத்தத்தைச் சீராக்கும் அமைப்பு இல்லாத கேமராக்களில் ஒளிமானி தவறான கணக்குச் சொன்னது. ஃபிலிம் கழுவி வந்த பிறகுதான் தவறு தெரிந்தது. குழியில் உட்காருவது வேறு, கருவியோடு பொருந்துவது வேறு என்பதைப் புகைப்படக்காரர்கள் இந்தப் பொத்தானிடம்தான் கற்றார்கள். சிலர் சாமர்த்தியமாக, காது கேட்கும் கருவியில் போடும் துத்தநாகக் காற்றுப் பொத்தானை ஒரு வளையத்துக்குள் பொருத்திப் போட்டுக்கொண்டார்கள். அது ஏறத்தாழ 1.4 வோல்ட்டில் நிலையாக நிற்பதால் கணக்கு ஒத்துவந்தது. சில வாரங்களில் உலர்ந்துபோகும் என்பது ஒன்றே அதன் குறை. அதுவும் ஒரு மாற்றுப் பேட்டரிதான், விலையும் மலிவு, வேலையையும் செம்மையாகச் செய்தது. ஆகவே, மாற்று என்றாலே மோசம் என்று யாரும் முடிவு கட்டிவிட வேண்டாம்.

1972-இல் வந்த போலராய்டு எஸ்.எக்ஸ்.70 கேமராவைப் பற்றி இங்கே சொல்லாமல் போக மனம் வரவில்லை. பேட்டரி தீர்ந்துவிட்டால் என்னும் கவலையே இல்லாமல் செய்துவிட்டார்கள் அதில். பத்துப் படங்கள் கொண்ட ஒவ்வொரு ஃபிலிம் பெட்டிக்குள்ளும் தட்டையான 6 வோல்ட் பேட்டரி ஒன்றை வைத்தே விற்றார்கள். புதிய ஃபிலிம் போட்டால் புதிய பேட்டரியும் வந்துவிடும். வாங்குகிறவருக்கு நிம்மதிதான்; ஆனால் அவர் வேறு எங்கும் போக முடியாதபடி கதவும் சாத்தப்பட்டது. 1976-இல் வந்த கேனன் ஏ.இ.1 கேமராவோ பேட்டரி இல்லாமல் ஒரு படமும் எடுக்காது. அதற்கு முந்தைய பல கேமராக்களில் பேட்டரி தீர்ந்தால் ஒளி அளவு மட்டும்தான் தெரியாமல் போகும். இப்போது கேமராவே நின்றுபோகும் நிலை வந்தது.

முதல் டிஜிட்டல் கேமரா எப்படி மின்சாரம் பெற்றது தெரியுமா? 1975-இல் அமெரிக்காவின் கோடாக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் என்னும் இளம் பொறியாளர் செய்த அந்தக் கருவியின் எடை ஏறத்தாழ மூன்றரைக் கிலோ. ஒரு படத்தை ஒலிநாடாவில் பதிவு செய்ய அதற்கு 23 விநாடிகள் பிடித்தன. அதை இயக்க 16 நிக்கல் காட்மியம் பேட்டரிகள் வேண்டியிருந்தன. இந்தக் கருவி என்றாவது ஒருநாள் சட்டைப் பைக்குள் அடங்க வேண்டுமானால், சிறிய உடலில் பெரிய ஆற்றலை வைத்திருக்கும் மின்கலம் ஒன்று பிறந்தாக வேண்டும்.

அது லித்தியத்திலிருந்து பிறந்தது. உலோகங்களிலேயே மிக இலேசானது லித்தியம். மின்னழுத்தமும் மிகுதியாகத் தரும். 1970-களில் எக்ஸான் எண்ணெய் நிறுவனத்தில் பணியாற்றிய ஸ்டான்லி விட்டிங்காம், லித்தியத்தைக் கொண்டு மீண்டும் மீண்டும் மின்னேற்றக்கூடிய கலத்தைச் செய்து காட்டினார். ஆனால் தூய லித்தியம் அடங்காத குதிரை. மின்னேற்றும்போதெல்லாம் அதன்மீது ஊசிபோன்ற முளைகள் வளர்ந்து, மறுமுனையைத் தொட்டுத் தீப்பற்ற வைத்தன. கனடாவின் மோலி எனர்ஜி நிறுவனம் அவ்வகைப் பேட்டரிகளைச் சந்தைக்குக் கொண்டுவந்தது. 1989-இல் ஜப்பானில் கைத்தொலைபேசிகள் தீப்பற்றியதால் அவற்றைத் திரும்பப் பெற வேண்டியதாயிற்று.

இதற்கு மாற்றுவழி அதற்கு முன்பே ஆய்வுக்கூடங்களில் உருவாகிக்கொண்டிருந்தது. 1980-இல் ஆக்ஸ்ஃபோர்டில் ஜான் குட்இனஃப், லித்தியம் கோபால்ட் ஆக்சைடை நேர்முனையாக வைக்கலாம் என்று கண்டார். 1985-இல் ஜப்பானின் அக்கிரா யோஷினோ, தூய லித்தியத்தை முற்றிலும் நீக்கிவிட்டு, எதிர்முனையில் கரிப்பொருளை வைத்தார். லித்தியம் அயனிகள் இரு முனைகளுக்கும் இடையே போய்வரும், உலோகமாகத் தங்காது. 1991-இல் சோனி நிறுவனம் இந்த லித்தியம் அயன் பேட்டரியை விற்பனைக்குக் கொண்டுவந்தது. அது முதன்முதலில் பயன்பட்ட பொருள்களுள் ஒன்று, கையடக்க வீடியோ கேமரா. மூன்று அறிஞர்களும் 2019-இல் வேதியியலுக்கான நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அப்போது குட்இனஃபுக்கு வயது 97.

இப்போது பெரியவரின் கேள்விக்கு வருகிறோம். டார்ச்லைட் பேட்டரிக்கு இல்லாத என்ன பிரச்சினை இதற்கு மட்டும்?

லித்தியம் அயன் கலம் ஒன்று ஏறத்தாழ 3.6 வோல்ட் தரும். கேமரா பேட்டரியின் கூட்டுக்குள் பெரும்பாலும் இப்படி இரண்டு கலங்கள் வரிசையாக இணைந்திருக்கும்; அதனால்தான் மேலே 7.2 வோல்ட் என்று அச்சிட்டிருக்கிறது. மின்னேற்றும்போது ஒரு கலம் 4.2 வோல்ட்டைத் தாண்டக் கூடாது. தாண்டினால் எதிர்முனையில் லித்தியம் உலோகமாகப் படியத் தொடங்கும். நேர்முனையின் ஆக்சைடு சிதைந்து ஆக்சிஜனை வெளிவிடும். நடுவிலுள்ள கரைசலோ எரியக்கூடிய கரிமத் திரவம். எரிபொருளும் ஆக்சிஜனும் ஒரே டப்பாவுக்குள்! மிகவும் வற்ற விட்டாலும் ஆபத்துதான். உள்ளிருக்கும் செப்புத் தகடு கரைந்து, பின்னர் மின்கசிவுக்கு வழி செய்யும். வெப்பத்தில் நிறைந்த மின்னேற்றத்தோடு நெடுநாள் கிடந்தால் கரைசல் சிதைந்து வாயு உண்டாகும். எங்கள் பேட்டரி உப்பியது இப்படித்தான்.

ஆகவே ஒவ்வொரு பேட்டரிக்குள்ளும் சிறிய காவல்காரன் ஒருவன் வேண்டும். விரல் நகத்தளவு மின்சுற்றுதான் அந்தக் காவல்காரன். மின்னேற்றம் மிகும்போதும், வற்றும்போதும், குறுக்குச் சுற்று ஏற்படும்போதும் அது வழியை அடைத்துவிடும். பேட்டரியின் விளிம்பில் இரண்டுக்கு மேற்பட்ட உலோகத் தொடுமுனைகளைப் பார்த்திருப்பீர்கள். அவற்றுள் ஒன்று பெரும்பாலும் உள்ளிருக்கும் வெப்ப உணரியின் செய்தியை மின்னேற்றிக்குச் சொல்வதற்காக இருக்கும். கலம், காவல் சுற்று, மின்னேற்றி மூன்றும் ஒரு குடும்பம். ஒன்று மட்டும் அயலாக வந்தால் மற்றவற்றோடு பேச்சு ஒத்துவர வேண்டும். எங்கே காசு மிச்சம் பிடிக்கலாம் என்று பார்க்கும் மலிவு உற்பத்தியாளர், கண்ணுக்குத் தெரியாத இந்தக் காவல்காரனிடமும் உணரியிடமும்தான் முதலில் கை வைக்கிறார்.

இத்தகைய பேட்டரிக்கு 1924-இல் நடந்ததைப் போன்ற ஓர் ஒப்பந்தம் கேமராக்காரர்களிடையே ஏற்படவே இல்லை. ஒவ்வொரு நிறுவனமும் தனக்கென ஒரு வடிவம் வகுத்துக்கொண்டது. பாதுகாப்புக்காக என்று அவர்கள் சொல்வதில் உண்மை உண்டு. ஆனால் முழு உண்மையும் அதுவே என்று நாம் நம்ப வேண்டியதில்லை. ஒரு சான்று பாருங்கள். பானாசோனிக்கின் பி.எல்.சி.12 என்னும் பேட்டரியும், ஜெர்மனியின் லைக்கா க்யூ கேமராவில் போடும் பி.பி.-டி.சி.12 என்னும் பேட்டரியும், சிக்மா நிறுவனத்தின் பி.பி.51 என்னும் பேட்டரியும் ஒன்றுக்கொன்று மாற்றிப் போடக்கூடியவை. ஒரே பேட்டரிக்கு மூன்று பெயர், மூன்று விலை! "பேருக்குத்தான் காசு" என்று கடைக்காரர் சொன்னதில் பாதி இங்கே உண்மையாகிறது. இன்னொரு வேடிக்கை: சோனி தன் வீடியோ கேமராக்களுக்காக வகுத்த என்.பி.-எஃப் வடிவத்தை மாற்றுப் பேட்டரி செய்பவர்கள் ஏராளமாகச் செய்து குவித்தார்கள். அதனால், சோனிக்குத் தொடர்பே இல்லாத படப்பிடிப்பு விளக்குகளும் சிறு திரைகளும் இன்று அந்த வடிவத்தையே ஏற்கின்றன. யாரும் கூடி முடிவு செய்யாமலே அது ஒரு பொது அளவாகிவிட்டது.

மாற்றுப் பேட்டரிகள் பெருகப் பெருக, நிறுவனங்கள் பூட்டுப் போடத் தொடங்கின. 2008-இல் வந்த கேனன் 5டி மார்க் 2 கேமராவின் எல்.பி.-இ6 பேட்டரிக்குள் ஒரு சில்லு இருந்தது. எத்தனை படம் எடுத்தோம், எவ்வளவு மின்சாரம் மிச்சம், பேட்டரிக்கு எவ்வளவு முதுமை என்பதையெல்லாம் அது கேமராவிடம் சொல்லும். சொல்லத் தெரியாத பேட்டரியைப் போட்டால் கேமரா எச்சரித்துவிட்டு, பயன்படுத்தவா என்று கேட்கும். பின்னர் வந்த சில கேனன் கேமராக்கள், பேட்டரியின்மேல் எங்கள் நிறுவனச் சின்னம் இருக்கிறதா என்றே கேட்கின்றன. அந்தக் கேள்வியில் ஒரு நுட்பம் உண்டு. சின்னம் இல்லையென்றால் அது வெறும் மாற்று. சின்னம் இருந்தும் பேசத் தெரியவில்லையென்றால் அது போலியாக இருக்கலாம். மாற்றுப் பேட்டரி தன் சொந்தப் பெயரில் வருவது. போலியோ இன்னொருவர் பெயரைத் திருடி வருவது. அசலின் விலையைக் கொடுத்தும் போலியோடு வீடு திரும்பியவர்கள் உண்டு. பெயரைப் பார்த்து வாங்குபவர்களுக்கு இது கசப்பான செய்திதான்.

பானாசோனிக் இன்னும் கடுமையாக நடந்துகொண்டது. 2009-ஆம் ஆண்டு ஜூன் மாதம் தன் லூமிக்ஸ் கேமராக்கள் பலவற்றுக்குப் புதிய மென்பொருளை வெளியிட்டது. அதை ஏற்றிக்கொண்டதும் பிறர் செய்த பேட்டரிகளைக் கேமரா ஏற்க மறுத்தது. நேற்றுவரை உழைத்த பேட்டரி இன்று குப்பை. பாதுகாப்பே காரணம் என்றது நிறுவனம். பணம் பறிக்கும் வேலை என்றனர் வாடிக்கையாளர்கள்.

அப்படியானால் அசல் பேட்டரிகள் தவறே செய்வதில்லையா? செய்திருக்கின்றன. 2005-இல் நிக்கான் நிறுவனம் டி100, டி70, டி50 கேமராக்களுக்கான இ.என்.-இ.எல்.3 பேட்டரிகளில் ஒரு பகுதியைத் திரும்பப் பெற்றது. 2012-இல் இ.என்.-இ.எல்.15 பேட்டரிகளில் சிலவற்றை, அவை மிகையாகச் சூடாகிக் கூடு உருமாறக்கூடும் என்று திரும்பப் பெற்றது. அவற்றை நிக்கானுக்காக வேறொரு நிறுவனம் செய்து கொடுத்திருந்தது. 2006-இல் சோனி செய்த கலங்களுக்காக டெல் நிறுவனம் நாற்பது இலட்சத்துக்கும் மேற்பட்ட மடிக்கணினிப் பேட்டரிகளை மீட்டுக்கொண்டது. இந்தப் பேட்டரியை உலகுக்கு முதலில் விற்ற சோனிக்கே அந்த நிலை!

ஆனால் இந்த நிகழ்ச்சிகளை இன்னொரு முறை பாருங்கள். 2012-இல் நிக்கான் என்ன செய்தது? பேட்டரியின் முதுகில் உள்ள எண் வரிசையில் குறிப்பிட்ட இடத்தில் 'இ' அல்லது 'எஃப்' என்னும் ஆங்கில எழுத்து இருந்தால் திருப்பிக் கொடுங்கள், புதியது தருகிறோம் என்று அறிவித்தது. குற்றம் நேர்ந்ததும் அந்த ஒரு தொகுதியை மட்டும் உலகம் முழுவதிலும் தேடிப் பிடிக்க முடிந்தது. எங்கள் பேட்டரியின் முதுகை அன்று பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தோம். பெயர் இருந்தது, முகவரி இல்லை, தொகுதி எண் இல்லை, செய்த நாள் இல்லை. அதே தொகுதியில் பிறந்த மற்றப் பேட்டரிகள் எந்தெந்த வீட்டில் உப்பிக்கொண்டிருக்கின்றனவோ, அவர்களை எச்சரிக்க ஒருவரும் இல்லை. விலையில் குறைந்த முக்கால் பங்கில் ஒரு பகுதி இதுதான். மாற்றுப் பேட்டரி செய்பவர்களிலும் தொகுதி எண் அச்சிட்டு, உத்தரவாதம் தந்து, குறை வந்தால் மாற்றித் தருபவர்கள் இருக்கிறார்கள். அவர்களுடைய பேட்டரி அசலைவிட மலிவு, பெயர் தெரியாததைவிட விலை அதிகம். இந்த நடுவிலுள்ள வகையை நாங்கள் அன்று கேட்கவே இல்லை.

கொள்ளளவு பற்றியும் ஒரு சொல். எல்.பி.-இ6 முதலில் 1800 மில்லி ஆம்பியர் மணி கொண்டதாக வந்தது. பின்னர் அதே வடிவத்தில் 1865 ஆயிற்று. 2020-இல் 2130 ஆயிற்று. பன்னிரண்டு ஆண்டுகளில் கேனனால் ஏற்ற முடிந்தது இவ்வளவுதான். அப்படியிருக்க, அதே கூட்டுக்குள் 3000 அடைத்திருக்கிறோம் என்று மலிவுப் பேட்டரி ஒன்று மார்தட்டினால் என்ன பொருள்? எங்கள் அறிவியல் அறைத் தராசில் அசலையும் மாற்றையும் வைத்துப் பார்த்தோம். அதிகக் கொள்ளளவு எழுதியிருந்த மாற்றுதான் இலேசாக இருந்தது. ஆறாம் ஆண்டு மாணவர்கள் சிரித்துவிட்டார்கள்.

விமானப் பயணிகளுக்கும் இது வேண்டிய செய்தி. 2010-ஆம் ஆண்டு செப்டம்பர் 3-ஆம் நாள் துபாயிலிருந்து புறப்பட்ட யு.பி.எஸ். சரக்கு விமானத்தில் தீ மூண்டு இரு விமானிகளும் உயிரிழந்தனர். சரக்கில் லித்தியம் பேட்டரிகள் பெருமளவில் இருந்தன. 2016 ஏப்ரல் முதல், பயணிகள் விமானத்தில் லித்தியம் அயன் பேட்டரிகளைத் தனிச் சரக்காக ஏற்றுவதைப் பன்னாட்டு விமானப் போக்குவரத்து நிறுவனம் தடை செய்தது. நாம் கொண்டுபோகும் உபரிப் பேட்டரிகளையும் கைப்பையில்தான் வைக்க வேண்டும். பெட்டியில் போடக் கூடாது. தொடுமுனைகள் சாவிக்கொத்திலோ சில்லறையிலோ உரசாதபடி மூடி வைப்பது நல்லது.

சட்டங்கள் என்ன சொல்கின்றன? அமெரிக்காவில் 1975-இல் வந்த மேக்னுசன் மாஸ் சட்டப்படி, எங்கள் பொருளைத்தான் போட வேண்டும், இல்லாவிட்டால் உத்தரவாதம் இல்லை என்று ஒரு நிறுவனம் பொதுவாக நிபந்தனை போட முடியாது. அயல் பொருளால் விளைந்த பழுதுக்கு மட்டும் மறுக்கலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2023-இல் இயற்றிய பேட்டரி விதிகள், பொருத்தமான வேறொரு பேட்டரியைப் போடுவதை மென்பொருளைக் கொண்டு தடுக்கக் கூடாது என்கின்றன. அந்தப் பகுதிக்கு 2027 பிப்ரவரி 18 என்று நாள் குறித்தார்கள். 2009-இல் பானாசோனிக் போட்ட பூட்டைத் திறக்கும் சாவி இது எனலாம். நம் நாட்டில் 1999-ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டமும், அதன்கீழ் அமைந்த நடுவர் மன்றமும் இருக்கின்றன. ஆனால் அங்கே போய் நிற்கக் கையில் இரசீது வேண்டுமே! எங்களிடம் அது இல்லை. கேட்டு வாங்கவில்லை.

உப்பிய பேட்டரியைக் குத்திப் பார்க்கவோ, மறுபடி மின்னேற்றிப் பார்க்கவோ, வீட்டுக் குப்பையில் எறியவோ கூடாது என்று பழுதுபார்ப்பவர் எச்சரித்திருந்தார். மின்கழிவு சேகரிக்கும் இடத்தில் ஒப்படைக்கும் வரையில், மணல் நிரப்பிய பிஸ்கட் டின்னுக்குள் வைத்துப் பள்ளிக் கட்டடத்துக்கு வெளியே கூரை நிழலில் வைத்திருந்தோம். பிறகு சங்கத்தின் ஒப்புதலோடு அசல் பேட்டரி ஒன்றும், தொகுதி எண்ணும் ஓராண்டு உத்தரவாதமும் உடைய மாற்றுப் பேட்டரி ஒன்றும் வாங்கினோம். இரண்டிலும் வாங்கிய தேதியை எழுதி ஒட்டியிருக்கிறோம். இலவச மின்னேற்றியைத் தூக்கிப் போட்டுவிட்டோம். விடுமுறைக்கு முன் இரண்டையும் பாதியளவு மின்சாரத்தோடு வெளியே எடுத்து, இரும்பு அலமாரியில் அல்லாமல், குளிர்ச்சியான அலுவலக இழுப்பறையில் வைக்கிறோம்.

அடுத்த கூட்டத்தில் அந்தப் பெரியவரிடம் டார்ச்லைட் பேட்டரியின் கதையிலிருந்து தொடங்கி இதையெல்லாம் விளக்கினோம். பொறுமையாகக் கேட்டார். கண்ணாடியை மாட்டிக்கொண்டு இரண்டு பேட்டரிகளின் முதுகையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "ரசீது எங்க வாத்தியாரே?" என்றார். எடுத்துக் கொடுத்தோம். அதை நான்காக மடித்துச் சங்கத்தின் கணக்குப் புத்தகத்துக்குள் அவரே வைத்தார்.